நாற்பத்தோராம் விதி

காலை ஒன்பது மணிக்குள் ஜெசிந்தா பதினான்கு காட்டேரிகளைச் சாம்பலாக்கியிருந்தாள். ஆறைப் பிழைக்க வைத்திருந்தாள். சொல்லிவிட்ட தேநீர்தான் இன்னும் வந்தபாடில்லை.

"அக்கா, கோவில்பட்டியில இருந்து பேசுதேன்," என்றது காதுக்குள் அடுத்த குரல். "என் காட்டேரி புகையா மாறிட்டு. அவன் கீறல் சீட்டு போட்டிருக்கான். புகையப் போய் எப்படிக்கா கீற முடியும்? நீங்களே சொல்லுங்க."

"ரெண்டு சீட்டையும் எப்பத் திருப்புனீய?"

"சேந்துதான் திருப்புனோம்."

"சேந்து திருப்புனா சேந்துதான் விழும். விதி பதினேழு. அவன் கீறும்போது உங்க காட்டேரிக்கு உடம்பு இருந்துச்சு. துளி போனது போனதுதான்."

"அநியாயமால்லா இருக்கு."

"அப்படின்னா மேல்முறையீடு போடுங்க. அதுவும் சுத்திச் சுத்தி எங்கிட்டதான் வரும்."

அடுத்தவர் சாத்தான்குளம். வெயில் சீட்டு இறக்கிய நேரம் பார்த்து வீட்டில் மின்சாரம் போய்விட்டதாம், வெயில் செல்லுமா என்று கேட்டார். காட்டேரிமேல் பட்டால் போதும், உங்கள்மேல் படவேண்டியதில்லை என்று சொல்லி வைத்தாள் ஜெசிந்தா. அவள் தென்மண்டல விதி விளக்குநர். ஆட்டக்காரர்கள் அன்பாகக் கூப்பிடுவது விதியக்கா. தோற்றவர்கள் கூப்பிடுவதை இங்கே எழுத முடியாது.

இன்று அவள் உட்கார்ந்திருந்தது அலுவலகத்தில் இல்லை. தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் பழைய உப்புக் கிட்டங்கியை இடித்துக் கட்டிய ஆட்டக்கூடத்தில், நடு மேடைக்குப் பக்கத்து மேசையில். பத்தரை மணிக்குத் தென்மண்டல இறுதிப் போட்டி. நான்காயிரம் இருக்கைகளும் நிரம்பி, படிக்கட்டிலும் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஐஸ்காரர் ஒருவர் காட்டேரிப் பல்லை மாட்டிக்கொண்டு விற்றுக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடமாக இந்த வேலையில் இருந்தும், இறுதிப் போட்டியன்று ஜெசிந்தாவுக்கு ஒரு இட்லிக்கு மேல் இறங்காது. 

ஒரு சீட்டாட்டத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, நாடு முழுக்க விதி விளக்க ஆளா, மேல்முறையீடா என்று கேட்கலாம். காரணம் துளிதான். ஒவ்வொரு காட்டேரிச் சீட்டிலும் மினுங்கும் சிவப்புப் புள்ளிகளுக்குத் துளி என்று பெயர். ஒரு துளி என்பது மாவட்டக் குருதிக் காப்பகத்தில் உறைகுளிரில் கிடக்கும் ஒரு பை இரத்தம். சீட்டு வைத்திருப்பவரின் உடம்பிலிருந்து எடுத்த, உண்மையான இரத்தம்.

முப்பத்தைந்து வருடத்துக்கு முன் பழுப்புக் காய்ச்சல் வந்தபோது, நல்ல இரத்தம் உள்ளவர்கள் பத்தில் மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். மற்றவர்கள் முதலில் இரத்தம் கேட்டார்கள். பிறகு கெஞ்சினார்கள். அப்புறம் அடியாள் வைத்துப் பிடுங்கினார்கள். உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் தொழிலாளிகளை வரிசையில் நிறுத்தி, ஊசி குத்தி, 'மனமுவந்து கொடுத்தேன்' என்று கைநாட்டும் வாங்கிக்கொண்டார்கள். அந்த அக்கிரமத்தை ஒழிக்க வந்ததுதான் தன்குருதிச் சட்டம். அதன்படி யாரும் யாரிடமும் குருதி கேட்கக் கூடாது, யாரும் யாருக்கும் கொடுக்கவும் கூடாது. அவரவர் குருதி அவரவர் பெட்டகத்தில் இருக்கும். அவருக்கும் அவர் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தாருக்கும் மட்டும் அது ஆகும்.

பிடுங்குவது நின்றது. ஆனால் நிரம்பி வழிகிற குளிர்க்கலத்துக்குப் பக்கத்து அறையிலேயே ஆட்கள் செத்தார்கள். அப்போதுதான் யாரோ ஒரு புண்ணியவதி சட்டத்தைத் திரும்பத் திரும்பப் படித்து அதில் ஒரு சந்து இருப்பதைக் கண்டுபிடித்தாள். கொடுப்பதற்குத்தான் தடை. ஆட்டத்தில் தோற்பதற்குத் தடையில்லை. கேட்டால் ஒரு சொட்டும் தராத நம் ஆட்கள், பந்தயம் என்றால் பெட்டகத்தையே திறந்து வைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படிப் பிறந்தது காட்டேரி ஆட்டம். கீறல் சீட்டால் சிந்துகிற துளி பொதுக்குளத்துக்குப் போகும், எந்த மருத்துவமனையும் எடுத்துக்கொள்ளலாம். உறிஞ்சல் சீட்டால் குடிக்கிற துளி, குடித்தவரின் பெட்டகத்துக்கு. துளி தீர்ந்த காட்டேரி சாம்பல்.

ஆகவே ஜெசிந்தா ஒரு மோதலுக்குத் தீர்ப்பு சொன்னால், எங்கோ ஒரு பை இரத்தம் ஒரு அலமாரியிலிருந்து இன்னொன்றுக்கு நகரும். அவள் ஒரு பக்கம் சாய்ந்தாள் என்று ஒரே ஒரு நாள் பேச்சு வந்தால் போதும், மறுநாள் எவனும் சீட்டில் துளி ஏற்ற மாட்டான். அதனால் விளக்குநருக்கென்றே ஒரு கட்டுப்பாடு உண்டு. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லலாம். யோசனை சொல்லக் கூடாது, கண்ணைக்கூடக் காட்டக் கூடாது. சும்மாவே வாய் ஓயாத ஜெசிந்தாவுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்பது அவள் வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும்.

பத்தரைக்கு மணி அடித்தது. கிழக்கு நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் பரமார்த்தலிங்கம், ஏழு வருடமாகத் தென்மண்டல வாகையர். ஐம்பத்தைந்து வயது, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, முள்ளக்காட்டில் சொந்த உப்பளம். ஊரே அவரைப் பரமார்த்தம் அண்ணாச்சி என்னும். அவருடைய குருதி பம்பாய் வகை. லட்சத்தில் எத்தனை பேர் என்று எண்ணிவிடலாம்; அந்த வகைக்காரருக்கு வேறெந்த இரத்தமும் ஒட்டாது. தெற்குச் சீமையில் பம்பாய் வகையைச் சீட்டில் ஏற்றி ஆடுபவர் அவர் ஒருவர்தான். பத்தொன்பது பருவமாக அவர் வைத்து ஆடும் காட்டேரிச் சீட்டு 'உப்பங்கழி ராணி'. அதிலிருந்து ஒரு துளியைக்கூட இதுவரை யாரும் எடுத்ததில்லை.

மேற்கு நாற்காலியில் வேம்பு. விளாத்திகுளத்துப் பெண், இருபத்தாறு வயது, இதுதான் முதல் பருவம். அவளைப் பற்றி ஆட்டக்காரர்கள் இரண்டு விஷயம் பேசிக்கொண்டார்கள். ஒன்று, பயமே இல்லாமல் ஆடுகிறாள். இரண்டு, கீறல் சீட்டே வைக்காமல் வெறும் உறிஞ்சலாக வைத்துக்கொண்டு பைத்தியக்காரத்தனமாக ஆடுகிறாள். அப்படி ஆடியே ஒன்பது சுற்று ஜெயித்து வந்திருந்தாள். கூட்டத்துக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

முதல் ஒரு மணி நேரத்தில் ஜெசிந்தாவுக்கு வேலையே இல்லை. இருவரும் அவ்வளவு சுத்தமாக ஆடினார்கள். வேம்பு புகையில் நழுவினாள். அண்ணாச்சி பூண்டு வேலி போட்டார். அவள் அதைத் தாண்டினாள். கூடம் மூச்சைப் பிடித்துக்கொள்வதும் விடுவதுமாக இருந்தது. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மேசையில் இரண்டே காட்டேரிகள். ராணியிடம் நான்கு துளி. வேம்புவின் 'கருவேலங்காட்டுக் கன்னி'யிடம் இரண்டு.

இருவரும் கடைசிச் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். சேர்ந்து திருப்பினார்கள். அண்ணாச்சியுடையது கீறல் இரண்டு. வேம்புவுடையது உறிஞ்சல் மூன்று.

கூடம் எழுந்து நின்றுவிட்டது. கன்னியிடம் இருந்த இரண்டு துளியும் சிந்தினால் அவள் சாம்பல். ஆனால் அதே நொடியில் அவள் மூன்று துளி குடிக்கிறாள். குடித்ததைச் சேர்த்தால் மூன்றோடு பிழைத்துக்கொள்வாள், ராணியிடம் ஒன்றுதான் மிச்சம். மேற்குப் படிக்கட்டு முழுக்க "பிழைச்சுட்டா, பிழைச்சுட்டா" என்று கத்தியது. கிழக்குப் படிக்கட்டு அதைவிடப் பலமாகக் கத்தியது. ஆட்டப்பலகையை இயக்கும் காஜா முகைதீன், திரையை நிறுத்திவிட்டு ஜெசிந்தாவைப் பார்த்தார்.

ஜெசிந்தா எழுந்து ஒலிவாங்கியை எடுத்தாள். பதிலில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. எட்டு வருடத்துக்கு முன் மதுரையில் இதே மோதல் வந்தபோது, விளக்கம் எழுதியதே அவள்தான்.

"விதி பதினேழு. ரெண்டு அடியும் ஒரே நேரத்தில் விழும்," என்றாள். "விதி பதினெட்டு. உறிஞ்சிய துளி, மோதல் முடிந்தபின் உயிரோடு நிற்கும் காட்டேரியைத்தான் சேரும். கன்னியின் ரெண்டு துளியும் சிந்திவிட்டன. மோதல் முடியும்போது அவள் நிற்கவில்லை. வாயில் எடுத்தது வயிற்றில் சேர்ந்ததாகாது. மூன்று துளியும் ராணியிடமே இருக்கும். கன்னி சாம்பல். ஆட்டம் பரமார்த்தலிங்கத்துக்கு."

கிழக்குப் பக்கம் வேட்டுச் சத்தம்போல் கைதட்டல். மேற்குப் பக்கம் முணுமுணுத்தாலும் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. விதியக்கா மதுரையில் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும்.

வேம்பு எழுந்திருக்கவில்லை. கறுத்துப்போன தன் சீட்டைப் பார்த்தபடி இருந்தாள். மேசைமேல் கிடந்த அவள் மணிக்கட்டுத் திரை மினுங்கியது. ஜெசிந்தாவின் கோணத்திலிருந்து அதைப் படிக்க முடியவில்லை. எதிரே இருந்த அண்ணாச்சியோ, எதிராளியின் மூக்குக்கண்ணாடிப் பிரதிபலிப்பிலேயே சீட்டைப் படிக்கிற மனிதர். தலைகீழாக இருந்த எழுத்தை ஒரே பார்வையில் படித்துவிட்டார். அவர் முகத்திலிருந்த வெற்றிச் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"பம்பாய் வகை, மூணு பை. மூணு மணிக்கு அறுவை," என்று மெதுவாகப் படித்தார். "யாரும்மா ஆஸ்பத்திரில?"

"எங்க அக்கா," என்றாள் வேம்பு. "பிரசவம். அவ பெட்டகத்துல இருந்தது நேத்தே தீந்துபோச்சு." அதோடு வாயை இறுக்க மூடிக்கொண்டாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசினால் அது கேட்டதாகிவிடும். நான்காயிரம் சாட்சிகள் இருந்தார்கள்.

"அதான் கீறாம உறிஞ்சிக்கிட்டே வந்தியா. ஏழு மாசமா." அண்ணாச்சி தன் சீட்டைப் பார்த்தார். "என்னைப் பிடிக்கத்தான் வந்திருக்க."

  சற்றுமுன் தான் சாம்பலாக்கியது என்ன என்று அப்போதுதான் ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. தெரிந்திருந்தாலும் அதே தீர்ப்பைத்தான் சொல்லியிருப்பாள். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

அண்ணாச்சி நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஜெசிந்தாவைப் பார்த்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு விளக்கம் வேணும். இந்தப் பிள்ளகூட நான் இப்பவே இன்னொரு ஆட்டம் ஆடலாமா?"

"ஆடலாம். சவால் ஆட்டம். ரெண்டு பேரும் சம்மதிக்கணும், ரெண்டு பேர் சீட்டுலயும் ஒரு துளியாவது இருக்கணும்."

"எனக்குச் சம்மதம்," என்றாள் வேம்பு உடனே. "பெட்டகத்துல ஒரு துளி மிச்சம் இருக்கு."

"நான் தோத்தா?"

"அவங்க உறிஞ்சினது அவங்க பெட்டகத்துக்குப் போகும்."

"நான் வேணும்னே தோத்தா?"

கூடத்தில் இரைச்சல் அடங்கியது. வாகையர் கேட்கிற கேள்வியா இது.

"வேணும்னு தோக்கிறது மறைமுகக் கொடை. துளி உங்க பெட்டகத்துக்கே திரும்பிரும். ரெண்டு பேருக்கும் ஆயுசுக்கும் தடை," என்றாள் ஜெசிந்தா. "ஒவ்வொரு சீட்டுக்கும் சரியான ஆட்டம் எதுன்னு பலகைக்குத் தெரியும், அண்ணாச்சி. அத ஏமாத்த முடியாது."

"சரி, கையில நல்ல சீட்டே இல்லாம, மொக்கைச் சீட்டா எடுத்து வச்சு ஆடினா?"

"கையில இருக்கிறத வச்சு நல்லா ஆடணும். ஆடினா நீங்க ஜெயிச்சுருவீய."

"அது உண்மதான்," என்றார் அண்ணாச்சி. அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார். "கண்ணைக் கட்டிக்கிட்டு ஆடினா?"

"பாக்க முடியாதவங்களுக்கு மட்டும்தான் தொடுசீட்டு. மருத்துவச் சான்று வேணும்."

ஜெசிந்தாவின் நாக்கு நுனியில் ஒரு எண் வந்து உட்கார்ந்துகொண்டு துடித்தது. அதை அவள் சொல்லக் கூடாது. அவர் கேட்க வேண்டும். மேசைக்கடியில் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். கேளுமய்யா, கேளும், இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து கேளும் என்று மனசுக்குள் கத்தினாள். முகத்தை மட்டும் சுவர்போல் வைத்துக்கொண்டாள். மணி பன்னிரண்டே கால்.

அண்ணாச்சி மேலும் நான்கு கேள்வி கேட்டார். நான்கும் முட்டுச்சந்தில் போய் நின்றன. கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வேம்பு அவரைப் பார்க்காமல் தன் சீட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். படிக்கட்டில் இரண்டொருவர் கிளம்பிவிட்டார்கள்.

இரண்டு அடி நடந்தவர் நின்றார்.

"இது சும்மா கேக்கேன். வீட்டுல எம் பேத்திகூட ஆடும்போது அவளுக்குப் பன்னெண்டு சீட்டு, எனக்கு அஞ்சுதான். துளி ஏத்தாத விளையாட்டுச் சீட்டு. அப்படி ஆடுறது முறைதானா, இல்ல அதுவும் குத்தமா?"

ஜெசிந்தா சட்டென்று ஒலிவாங்கியை எடுத்தாள்.

"முறைதான். விதி நாப்பத்தொண்ணு, சலுகை. ஆட்டம் தொடங்குமுன் வலியவர் தன் கைச்சீட்டைக் குறைத்துக்கொள்ளலாம். எதிராளியோ மற்றவரோ அதைக் கேட்டுப் பெறக் கூடாது. வலியவர் தானாகச் சபையறியச் சொல்ல வேண்டும். அதன்பின் கையிலிருப்பதைக் கொண்டு இருவரும் ஜெயிக்கவே ஆட வேண்டும்."

"துளி ஏத்தின சீட்டுக்கும் அது செல்லுமா?"

"செல்லாதுன்னு விதியில இல்ல."

அண்ணாச்சி திரும்பி வந்து உட்கார்ந்தார். கிளம்பியவர்களும் உட்கார்ந்தார்கள்.

"அஞ்சு வச்சா நான் ஜெயிச்சுருவேன். மூணு வச்சுக்கலாமா?"

"வச்சுக்கலாம்."

"மூணு வச்சாலும் ஜெயிச்சுருவேன்." விரலை மடக்கிப் பார்த்தார். "ஒண்ணு வச்சாக்கூட அதைக் கீறலா இறக்கிருவேன். கை கேக்காது, பழக்கம் அப்படி. ஒண்ணுமே இல்லாம?"

ஐஸ் விற்றவர்கூடப் பல்லைக் கழற்றிவிட்டு நின்றார். ஜெசிந்தா விதிப்புத்தகத்தைத் திறந்தாள். மனப்பாடமாகத் தெரிந்த பக்கம்தான். குறைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. எதுவரை என்று இல்லை. அப்பாமாரும் அம்மாமாரும் பிள்ளைகளோடு ஆடுவதற்காக எழுதிய விதி அது. அதில் யாருக்கும் வெறுங்கையோடு உட்காரத் தோன்றியிருக்காது.

"பத்து நிமிஷம் வேணும்," என்றாள்.

அந்தப் பத்து நிமிடமும் அவள் வேம்புவின் பக்கம் பார்க்கவில்லை. அந்த அக்காவுக்காகத் தீர்ப்பு சொன்னால் அது தீர்ப்பு ஆகாது. நாளைக்கு ஒரு அடாவடிக்காரன் நாலு தொழிலாளியைக் கூட்டிவந்து, வெறுங்கையோடு உட்காருங்கடா என்று மிரட்டினால் என்ன ஆகும், அதை அவள் யோசிக்க வேண்டும். பழைய வரிசையும் ஊசியும் கைநாட்டும் இந்தக் கதவு வழியாகத் திரும்ப வந்துவிடக் கூடாது. நான்கு தரம் படித்தாள். ஐந்தாவது தரம் படிக்கும்போது ஒரு சொல்லில் கண் நின்றது. வலியவர். பிடுங்குகிறவன் எப்போதும் எளியவனிடம்தான் பிடுங்குவான். இந்த விதி வலியவனுக்கு மட்டும்தான் திறக்கிறது. தரவரிசையில் மேலே இருப்பவர்தான் கையைக் குறைக்க முடியும்; கீழே இருப்பவரிடமிருந்து சலுகையின் பேரால் ஒரு துளியும் எடுக்க முடியாது. அதற்குமேல் ஊரறியச் சொல்ல வேண்டும், யாரும் கேட்டிருக்கக் கூடாது. பூட்டு ஏற்கெனவே அதில் இருந்தது. எழுதியவர்களுக்கே தெரியாமல் நல்ல பூட்டாகப் போட்டிருக்கிறார்கள்.

எழுந்தாள். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

"விளக்கம். வேண்டுமென்று தோற்பது ஆட்டத்துக்குள் நடப்பது. சலுகை ஆட்டத்துக்கு முன்னால் கொடுப்பது. ரெண்டும் வேறு. குறைத்துக்கொள்வதற்கு விதி எல்லை வைக்கவில்லை. வெறுங்கையும் கைதான். செல்லும். இது இன்றுமுதல் எல்லா மண்டலத்துக்கும் பொருந்தும்."

 கூடத்தின் இரண்டு பக்கமும் சேர்ந்து கத்தியது. இறுதிப் போட்டிக்குக்கூட அப்படிக் கத்தவில்லை.

"இருங்க," என்று கையமர்த்தினாள் ஜெசிந்தா. "அண்ணாச்சி, நான் ஒண்ணு கேட்டுப் பதிய வேண்டியிருக்கு. இந்தச் சலுகைய உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

பரமார்த்தலிங்கம் சட்டைக் கையை மடித்துவிட்டார். இடது முழங்கை மடிப்பில் பழைய தழும்புகள் வரிசையாக இருந்தன.

"இருபது வயசுல என்னைக் கேட்டானுவ, உப்பளத்துல வச்சு. கேட்டவன் பதிலுக்குக் காத்துருக்கல," என்றார். "இன்னைக்கு ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

பலகையில் பச்சை விளக்கு எரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். நான்கு துளி ஏற்றிய ராணி ஒரு பக்கம், துணைக்கு ஒரு சீட்டும் இல்லை. மறுபக்கம் ஒரே துளியோடு புதிய காட்டேரி, பன்னிரண்டு சீட்டு. வேம்பு உறிஞ்சல் ஒன்றைத் திருப்பினாள். அண்ணாச்சியின் வலது கை தானாக நீண்டு மேசையைத் தடவியது. அங்கே எடுக்க ஒன்றும் இல்லை.

"ஒண்ணு," என்றது கூடம்.

இரண்டாவது சீட்டுக்கும் அந்தக் கை நீண்டது. அதன் பிறகு அவர் இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். நெற்றி முழுக்க வேர்வை. கலங்காமல் ஏழு வருடம் ஆடியவர், ஒவ்வொரு சீட்டுத் திரும்பும்போதும் ஊசி ஏறுவதுபோல் கண்ணை மூடினார். ஆனாலும் எழவில்லை.

"ரெண்டு." "மூணு."

மூன்றாவது துளி தன் பக்கம் வந்ததும் வேம்பு நிறுத்திவிட்டாள். ராணியிடம் ஒரே ஒரு துளி மிச்சம். இதையும் எடுத்தால் பத்தொன்பது பருவத்துச் சீட்டு கறுத்துப்போகும்.

"எடும்மா, டாக்டர்மார் மூணுன்னு சொன்னா நாலு..." என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி.

"எதிராளிக்கு யோசனை சொல்லப்படாது," என்றாள் ஜெசிந்தா. பிறகு வேம்புவிடம், "விதிப்படி நீங்களும் ஜெயிக்கத்தான் ஆடணும்," என்றாள். அவள் ஏற்கெனவே படித்துக்காட்டிய விதிதான் அது. ஆகவே அது யோசனை ஆகாது.

வேம்பு நான்காவது சீட்டைத் திருப்பினாள். ராணியின் முகம் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்து அணைந்தது. திரையில் 'தோற்றவர்: பரமார்த்தலிங்கம்' என்று வந்தது. அதன் கீழே, வேம்புவின் பெட்டகத்தில் பம்பாய் வகை நான்கு பை என்று காட்டியது. காப்பகத்திலிருந்து பைகளைத் தூக்கிக்கொண்டு ஆளில்லாப் பறப்பி கிளம்பிவிட்டதாகக் காஜா முகைதீன் அறிவித்தார். மணி பன்னிரண்டு ஐம்பது. இந்த நாட்டில் முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு ஒரு மனிதர் இன்னொருவருக்குத் தெரிந்தே கொடுத்த குருதி அது. ஜெசிந்தாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. பதிவேட்டில் அப்படி எழுத முடியாது. தோற்றவர் என்றுதான் எழுதினாள். கண்ணை நீர் மறைத்ததால் எழுத்து கோணலாகப் போயிற்று.

வேம்பு எழுந்து மேசையைச் சுற்றிவந்து அவர்முன் நின்றாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள். நன்றி சொன்னால் வாங்கியதாகிவிடும். அந்தப் பெண் நான்காயிரம் பேருக்கு நடுவில் நின்று தவித்தாள். கடைசியில், ஜெயித்தவர் தோற்றவரைப் பார்த்து வழக்கமாகச் சொல்லும் ஒரு வாக்கியம்தான் அவளுக்குக் கிடைத்தது.

"நல்லா ஆடுனீய, அண்ணாச்சி," என்றாள்.

தொடைக்கடியிலிருந்து மெல்லக் கைகளை எடுத்தார் பரமார்த்தலிங்கம். 

"நான் எங்கம்மா ஆடுனேன்?" என்றார். "சும்மால்லா இருந்தேன்."